எடை ஏறாமல் எடுத்த அளவு

பிப்ரவரி 3

சில்வண்டுக்கு,

"போன்ல பேசினா நீ கத்துற, நான் கட் பண்றேன். இனிமே எதுனா சொல்லணும்னா எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கும் கட் பண்ணினாய். எழுதிப் போடுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கொடு. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கிறுக்கியதைப் பார்த்து வாழ்நாள் முழுக்க டைப் அடித்தவள், பல் டாக்டர் கிறுக்கியதைப் படிக்கமாட்டாளா.

விஷயம் அம்மாவைப் பற்றியது இல்லை. என் காரைப் பற்றியது. சிரிக்காதே.

கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்த அந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் போன வாரம் உறுமியது. இன்ஜினைப் பிரித்து மாட்டியாகிவிட்டது. மிச்சம் ஆயில் டேங்க் மட்டும். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். மற்ற கார்களில் ஆயில் இன்ஜினுக்கு அடியிலேயே தங்கும். இதில் தனி டேங்க். ஒரு பம்ப் அங்கிருந்து இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும், இன்னொன்று வடிந்ததை எல்லாம் திரும்ப டேங்குக்கு ஏற்றும். பழைய டேங்க் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் ஒளிந்திருந்தது. இரும்பு. கழற்றி ஓரத்தில் நகத்தால் தட்டினேன், விரல் உள்ளே போய்விட்டது. சொத்தைப் பல்லேதான்.

இந்தக் காரைச் செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். வெளியில் கிடைக்கிற டேங்குகள் எல்லாம் சதுரம், அந்த இடம் சதுரம் இல்லை. அட்டையில் வெட்டி அளவு எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஏப்ரல் நடுவில் பழைய கார்கள் எல்லாம் சேர்ந்து மலைமேல் போகிற பயணம் ஒன்று இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். அந்த வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் இன்ஜின் அங்கேயே போய்விடும்.

அலுமினியத்தில் உன்னைப் போலக் கை வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. சண்டை வேறு, டேங்க் வேறு. முடியாது என்றால் அட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடு. தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

சண்டை வேறு, டேங்க் வேறு என்கிறாய். உனக்கு அப்படி இருக்கலாம். எனக்கு இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. என் பட்டறைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டினால் நான் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு ஓட வேண்டும். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். விடாமல் தட்டினால் ரேடியோவில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

உன் கடிதத்தை அவளேதான் படித்தாள். "பல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போரடிச்சிருச்சு போல. இப்ப டேங்க்கைப் பிடுங்கிக்கிட்டு இருக்கான்" என்றாள். "எது, அந்தத் தவளைக் காரா? அதுல எங்க உக்காருறது, படுத்துக்கிட்டுதான் போகணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சு குடுடி. எதையும் கேக்கத் தெரியாதவன், கேட்டிருக்கான்" என்றாள்.

செய்து தருகிறேன். ஆனால் அட்டை மட்டும் போதாது. ஆயில் திரும்பி வருகிற குழாய் எந்தப் பக்கம் நுழைகிறது, மூடியைத் திறக்க மேலே உன் கை போகுமா, பழைய டேங்க் எத்தனை இடத்தில் போல்ட் ஆகியிருந்தது, எல்லாம் வேண்டும். டயருக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் அளந்து எழுது.

இனி டேங்க் இல்லாத விஷயம். போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய், பாதிதான் காதில் விழுந்திருக்கும். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். ரொம்ப நாளாக ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுகிறேன். ஒருமுறை தள்ளிப் போட்டாயிற்று. இப்போது ஏப்ரல் 12 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. எதையும் என்றால் அம்மாவையும்தான்.

அந்த ஆறு வாரம் இங்கே வந்து இரு. ஒருமுறைதான் கேட்பேன்.

தங்கை


பிப்ரவரி 20

சில்வண்டுக்கு,

நீ கேட்டதை எல்லாம் தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் கராஜில் குப்புறப் படுத்து எடுத்த அளவு. மூடிக்கு மேலே கை போகிறது, ஆனால் மணிக்கட்டு வரைதான். ஒரு மூலையில் ஸ்கேல் நுழையாததால் கிளினிக்கில் பல் அளவு எடுக்கிற பசையை அப்பி அச்சு எடுத்திருக்கிறேன். அந்த ரோஸ் நிற உருண்டை அதுதான். அம்மாவிடம் காட்டாதே, மிட்டாய் என்று நினைத்துவிடுவாள். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பேஷண்டுக்கும் இவ்வளவு பொறுமையா நீங்க பார்த்து நான் பார்க்கல" என்றாள்.

உன் உடம்பைப் பற்றிப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. இனியும் தள்ளிப் போடாதே. ஆனால் ஆறு வாரம் என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். கிளினிக்கைச் சாத்தினால் பாதியில் நிற்கிற வாய்கள் எல்லாம் திறந்தபடியே நிற்கும். அண்ணிக்கு ஷிப்ட் வேலை. அம்மாவை இங்கே கொண்டுவரலாம் என்றால் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ளலாமே? உன் பட்டறை ஃபிட்டர் கூட இருக்கிறாரே, ஒரு கை பிடிக்கமாட்டாரா?

இன்னொன்றும் தோன்றுகிறது, கோபப்படாமல் படி. அம்மாவுக்கு அவ்வளவு ஆள் தேவைப்படுகிறதா? அக்டோபரில் வந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேனே. பக்கவாதம் வந்தவள் மாதிரியே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகச் சாப்பாட்டு மேஜைக்கு நடந்து வந்தாள். "என்னடா இப்படி இளைச்சுட்ட" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்திலேயே இருக்கிறவர்களுக்கு முன்னேற்றம் கண்ணில் படாமல் போகும். அசதியில் நீ எல்லாவற்றையும் பெரிதாகப் பார்க்கிறாயோ என்று ஒரு நினைப்பு.

பயணம் ஏப்ரல் 15. மார்ச் கடைசிக்குள் டேங்க் வந்தால் பொருத்திப் பார்க்க நேரம் இருக்கும்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணாவுக்கு,

நர்ஸ் வைத்துப் பார்த்தோம். முதலில் வந்தவளிடம் "உன் கை செத்தவ கை மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னாள், அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அடுத்தவள் நல்லவள், அதனால் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்துவிட்டது. ஃபிட்டருக்கு முதுகு போய்விட்டது. தகட்டையே நாங்கள் இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம். இவற்றை எல்லாம் அக்டோபரிலேயே உன்னிடம் சொன்னேன். நீ போனில் ஏதோ கார்புரேட்டர் படம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மற்றதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டேன். டேங்கைப் பற்றி எழுதுகிறேன், அதில்தான் எனக்கு இப்போது தெம்பு இருக்கிறது.

உன் படத்தில் ஓர் அளவு உறுத்துகிறது. டயருக்குப் பின்னால் அவ்வளவு இடம், தரையில் நிற்கிற வண்டியில் இருக்க முடியாது. நீ காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் கீழே தொங்கும்போது அளந்திருக்கிறாய். ஸ்டியரிங்கும் நேராக இருந்திருக்கிறது. அப்படித்தானே? எடை ஏறாத வண்டியை அளந்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். அது சாலையில் ஓடுகிற வண்டியின் அளவு இல்லை.

அட்டையிலேயே முழு டேங்க் மாதிரி ஒன்று செய்து அனுப்புகிறேன். காரைக் கீழே இறக்கு. பெட்ரோல் நிரப்பு. நீ உட்கார், பக்கத்தில் அண்ணியையும் உட்கார வை. முன்பக்கத்தை யாரையாவது அழுத்தச் சொல். பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பு. அட்டை பிழைத்தால் நான் தகட்டில் கை வைக்கிறேன்.

கெட்டி அட்டையாக இருக்கட்டும் என்று வீட்டில் கிடந்த பெட்டிகளை வெட்டினேன். அந்த அட்டைக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை.

தங்கை


மார்ச் 13

சில்வண்டுக்கு,

நீ சொன்னதுதான். ஸ்டாண்டில் வைத்துத்தான் அளந்தேன்.

நீ எழுதியபடியே செய்தோம். இடது பக்கம் முழுக்கத் திருப்பியதும் டயர் அட்டையின் கீழ் மூலையைக் கடித்துத் தின்றுவிட்டது. நிஜ டேங்காக இருந்து, அது மலை வளைவாகவும் இருந்திருந்தால் ஆயில் முழுக்க ரோட்டில்.

பிய்ந்த மூலையை டேப் போட்டு ஒட்டி, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று குறித்து அனுப்பலாம் என்று அட்டையைப் பிரித்தேன். அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்திருந்தாய். பெரியவர்களுக்கான டயப்பர் என்று இருந்தது. பெரிய அளவு. இரவு உபயோகத்துக்கு. நாலு பக்கமும் அதே பெட்டிதான், வேறு வேறு மாதத் தேதி.

கராஜ் தரையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி இறங்கி வந்து "என்ன, கார் எங்கயாவது மோதிடுச்சா" என்று கேட்டாள். அட்டையைக் காட்டினேன்.

எப்போதிலிருந்து? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அண்ணன்


மார்ச் 21

அண்ணாவுக்கு,

போன கோடையிலிருந்து. சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அச்சை உள்ளே வைத்து மடித்ததும் அந்தச் சத்தியத்துக்காகத்தான். அட்டையை நீ பிரிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேனோ என்னவோ, இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அவள் நடந்து பழகினாள். கட்டிலில் இருந்து மேஜைக்கு, மேஜையில் இருந்து கட்டிலுக்கு. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, பின்னால் நான் அதைப் பிடித்துக்கொண்டு. நீ வந்த அன்று பட்டையைக் கழற்றச் சொன்னாள். "விழுந்துடுவம்மா" என்றேன். "விழுந்தா கால் இடறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். பட்டையோட பார்த்தான்னா என்ன சொல்றது" என்றாள். நீ போன பிறகு மூன்று நாள் அவளால் உட்காரக்கூட முடியவில்லை. "அவன் நிம்மதியாப் போனான்ல" என்று கேட்டாள். போனான் என்றேன்.

அந்த நிம்மதியை எனக்கு மட்டும் அவள் ஏன் தருவதில்லை என்று யோசித்திருக்கிறேன். என்னிடம் நடிக்க வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவு நெருக்கம் என்று ஒரு பதிலைக் கைவசம் வைத்திருக்கிறேன். சில நாட்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

டேங்க் முடிந்துவிட்டது. டயர் கடித்த மூலையை நீ குறித்து அனுப்பியபடி சரிவாக வெட்டிவிட்டேன். அதில் குறைந்த கொள்ளளவை உயரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன், முழுக்கத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயில் ஒரே பக்கம் ஓடாமல் இருக்க உள்ளே குறுக்குத் தகடுகள் வைத்திருக்கிறேன். திரும்பி வருகிற குழாய் மேலே பக்கவாட்டில் நுழைகிறது; ஆயில் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இறங்கும், நுரை அடங்கிவிடும். மூடுவதற்கு முன் உள்ளே தூசு துரும்பு இல்லாமல் துடைக்கவே ஒரு நாள் போனது. ஒரு பொடி தங்கினாலும் உன் இன்ஜினுக்குள் போய்விடும். பிறகு வெல்டிங் மேலே சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். கசிந்தால் வெள்ளையில் ஈரம் கருப்பாகத் தெரியும். ஓர் இடத்தில் தெரிந்தது. அரைத்துவிட்டு மறுபடி செய்தேன். நடுவில் இரண்டு முறை தலை சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஃபிட்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "டேங்க்குக்குப் பரிசோதனை முடிஞ்சுது, உங்களுக்கு எப்ப" என்று கேட்டார்.

12ஆம் தேதி மாறாது. நீ வராவிட்டால் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வாரத்துக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "ரேடியோ வெச்சுக்க விடுவாங்களா" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக ஸ்பூன் சத்தமே இல்லை. தண்ணீருக்குக்கூடத் தட்டவில்லை. பழகிக்கொள்கிறாள் போல.

டேங்கைப் பார்சல் செய்யட்டுமா என்று எழுது.

தங்கை


ஏப்ரல் 2

சில்வண்டுக்கு,

பார்சல் செய்யாதே. அங்கேயே இருக்கட்டும். 11ஆம் தேதி மதியம் வந்துவிடுவேன். அந்த இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. அம்மாவிடமும் சொல்லிவிடு, முதலில் அவளிடம்.

மலைப் பயணத்தில் இருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். "ஆயில் டேங்க் வரலையா" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், அதுதான் சுலபமான பதில்.

கிளினிக்கை இரண்டு வாரத்துக்கு மூடுகிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று அங்கே வந்து பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன், சிரித்தாலும் பரவாயில்லை. நாள் முழுக்க யார் யார் வாயிலோ கை விடுகிறவன் நான். எச்சில், ரத்தம், சீழ் எதற்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அம்மாவைத் துடைத்துவிட வேண்டும் என்று நினைத்தால் கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவளுக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. எழுதி அனுப்பு. டேங்குக்கு எழுதினாயே, அது மாதிரி ஒவ்வொன்றாக எழுது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

சொன்னேன். "இரண்டு வாரமா" என்றாள். "அது போதும் அவனுக்கு" என்றாள். அன்று மாலையே ஸ்பூன் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வாரம் என்று நீ எழுதியதை நானும் படித்தேன். ஒருமுறைதான் கேட்பேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் மறுபடி கேட்கவில்லை.

கேட்டுக்கொள். தூக்குவதற்கு முன் எதற்காகத் தூக்குகிறாய் என்று அவளிடம் சொல், மூட்டை மாதிரி தூக்கினால் கடிப்பாள். அவளுடைய இடது கையை முதலில் அவள் மடியில் எடுத்து வை, அது அவளோடு வராது, பின்னால் தங்கிவிடும். உன் முழங்காலை அவள் இடது முழங்காலுக்கு முட்டுக் கொடு. பட்டையைப் பிடி, அக்குளில் கை கொடுக்காதே. எழுந்ததும் உடனே நகராதே. எடை உன் மேல் வந்து நின்ற பிறகு திரும்பு. துடைக்கும்போது ரேடியோவை வை. அந்த நேரத்தில் அவள் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருப்பாள், உன்னைப் பார்க்கமாட்டாள். நீயும் அவள் முகத்தைப் பார்க்காதே. இதை நானாகக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாதே. பின்னணியில் ஸ்பூன் சத்தம் கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன். ஃபிட்டர் சாப்பாடு கொண்டுவருவார், அவரிடம் எழுதிக் கொடு.

தங்கை


ஏப்ரல் 15

சில்வண்டுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஃபிட்டர் சொன்னார். "அக்கா முழிச்சதும் பிளாஸ்க் மூடி சரியா மாட்டலைன்னு திட்டினாங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இங்கே பரவாயில்லை. முதல் நாள் கையுறை மாட்டிக்கொண்டு போனேன். அம்மா என்னையே பார்த்துவிட்டு, "வாயைத் திறக்கவாடா" என்றாள். கழற்றிவிட்டேன். நீ சொன்ன மாதிரி ரேடியோவை வைத்தேன். யாரோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பாவம், அவருக்கு நல்ல திட்டு.

டேங்கைப் பார்த்தேன். வெல்டிங் தையல் போட்ட மாதிரி இருக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாவின் கட்டில் ஓரமாக வைத்தேன். அவள் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள், கோயில் மணி மாதிரி ஒலித்தது. "கம்பியைவிட இதுதான்டா நல்லாக் கேக்குது" என்கிறாள். இப்போது தெருமுனை வரை கேட்கிறது. கார்கள் இன்று காலை மலைக்குக் கிளம்பியிருக்கும். மத்தியானம்தான் ஞாபகமே வந்தது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. மூன்று நாளும் காலையில் நான்தான் தூக்கி நாற்காலியில் வைக்கிறேன். மாலையில் கட்டிலுக்கு மாற்றுவதை ஃபிட்டரும் அவர் மனைவியும் வந்து செய்துவிட்டுப் போகிறார்கள். நான் பயந்த அளவுக்கு இல்லை. லேசாக இருக்கிறாள். நம் அம்மா இவ்வளவு லேசா என்றுதான் கஷ்டமாக இருந்தது. எடை தெரியவே இல்லை. இந்த அளவு என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு நல்ல ஆளாகப் பார்த்து வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் தூக்கியிருக்கிறாய். தூங்கி எழுந்த நேரம் அவளுடைய வலது கால் பாதி எடையைத் தாங்கும். நீ புதிது என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே தாங்குவாள், அக்டோபர் மாதிரி. மாலையில் அந்தக் கால் விட்டுவிடும். அப்போதுதான் அம்மா முழுதாக உன் மேல் வருவாள்.

இன்று தூக்குவதற்கு ஃபிட்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாலையில் நீயே தூக்கிப் பார்த்துவிட்டு எழுது.

தங்கை


ஏப்ரல் 17

சில்வண்டுக்கு,

தூக்கினேன்.

நாற்காலியில் இருந்து கட்டில் இரண்டு எட்டுதான். நடுவில் அவள் கால் விட்டுவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் படவில்லை. அவளும் எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு, "இனிமே உன்கிட்ட நடிக்க முடியாதுடா, எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள். சரிம்மா என்றேன். அவளைக் கட்டிலில் ஏற்றுவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. இதை நீ தினமும் ரத்தம் போய்க்கொண்டே செய்திருக்கிறாய்.

அண்ணிக்குப் போன் செய்து கிளினிக் கதவில் மே கடைசி வரை என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டேன். பேஷண்டுகளை என் நண்பன் பார்த்துக்கொள்வான். கோடை முடிவதற்குள் காரை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவரலாம் என்று இருக்கிறேன், டேங்கை நீ பக்கத்தில் நின்று பொருத்த வேண்டும். அதுவரை அம்மாவிடம் இருந்து அதைப் பிடுங்க முடியாது, வேறு ஒரு

இரண்டு தட்டு கேட்கிறது. போகிறேன்.